கம்பி அறுபடவில்லை, கை மாறுகிறது

(பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன் என் மொழிபெயர்ப்பு மேசைக்கு ஒரு கட்டுரை வந்தது. கேபிளையும் டிஷ்ஷையும் கைவிட்டு, வீட்டில் இணையத்தின் வழியே காணொளி பார்க்கும் பழக்கத்தை ஆங்கிலத்தில் 'கார்டு கட்டிங்' என்கிறார்கள். நான் 'கம்பியறுப்பு' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்த தோழர், "மின்கம்பி திருடுகிறவர்களைப் பற்றிய கட்டுரையா?" என்று கேட்டார். சொல்லை மாற்றிவிட்டேன். அந்தச் சொல் பொருந்தாததற்கு வேறொரு காரணமும் உண்டு என்பது பின்னரே எனக்கு விளங்கியது.

இஞ்சிவிளையிலிருந்து காரோடு வழியாகப் பொழியூர்க் கடற்கரை வரை சென்று பாருங்கள். அதே மின்கம்பம், அதே கறுப்புக் கம்பி. பல இடங்களில் ஏணி சார்த்தி ஏறுகிறவரும் அதே ஆள்தான். நேற்று அந்தக் கம்பியில் தொலைக்காட்சி வந்தது, இன்று இணையம் வருகிறது. கம்பியை எவரும் அறுக்கவில்லை. அதில் ஓடுவது யாருடைய சரக்கு, மாதந்தோறும் நாம் தரும் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பவைதாம் மாறியிருக்கின்றன. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் மொழி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைச் சந்தைக்கு நடந்தே போய்வரும் நம் குடும்பங்கள் கோட்டின் இந்தப் பக்கத்தில் நின்றுவிட்டன. 1985-ல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியபோது நான் பள்ளி மாணவன். கமுகு மரத்தின் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டிவிட்டு, "இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று கீழிருந்து கத்துவது எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சியும் அதே ஆண்டு ஆகஸ்டில் ஏஷியாநெட்டும் வந்தன. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்த்தவர் ஊர்க் கேபிள்காரர். அந்த நன்றியை நான் மறக்கவில்லை.

2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அரசு கேபிள் 70 ரூபாய்க்குக் கிடைக்கத் தொடங்கியது. அரைக் கிலோமீட்டருக்கு இப்பால் இருந்த நமக்கு அது இல்லை. 2019 பிப்ரவரி 1 முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. 100 சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியுடன் 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனித்தனியே பணம். கேரளத்துத் தொகுப்புகள் மலையாளக் குடும்பத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. தாய்மொழியில் ஒரு நாடகம் பார்க்க, தமிழ் வீடு கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. செட்டாப் பாக்ஸுக்கு மாநில எல்லை நன்றாகத் தெரிந்திருந்தது.

யூடியூபுக்கு அது தெரியவில்லை. கொரோனாக் காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். 2020 ஜூன் 1 அன்று கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'பர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. கருவி இல்லாத மாணவர்களுக்காக வாலிபர் சங்கத் தோழர்கள் 'டிவி சேலஞ்ச்' நடத்தித் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். அது பெருமைக்குரிய பணி. ஆனால் தமிழ்வழி, கன்னடவழிப் பாடங்கள் யூடியூபில் வெளியிடப்பட்டன. தமிழ்வழியில் பயிலும் குழந்தைக்குப் பெட்டி மட்டும் போதவில்லை, இணையமும் தேவைப்பட்டது. எனவே, இணையக் காணொளி என்றதும் அது நகர மத்தியதர வர்க்கத்தின் ஆடம்பரம் என்று முகம் சுளிக்கும் தோழர்களோடு நான் உடன்படவில்லை. மொழிச் சிறுபான்மையினருக்கு அது ஒரு வாசல்.

அந்த வாசலில் ஒரு வட்டிக்கடைக்காரரும் உட்கார்ந்திருக்கிறார்.

கட்சி நிதி வசூலுக்காக ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ரப்பர் வெட்டி ஓய்ந்த குடும்பம். பாட்டி திண்ணையில் இருந்தார். உள்ளே தொலைக்காட்சி இருண்டு கிடந்தது. "என்ன பாட்டி, நாடகம் பார்க்கவில்லையா?" என்றேன். "மக்களே, பேரன் கேபிள் வேண்டாம்னு சொல்லிட்டான். இப்ப அவன் போனுல இருந்துதான் டிவிக்கு வருது. அவன் வேலைக்குப் போனா போனும் போச்சு, டிவியும் போச்சு" என்றார். பேரனின் கணக்கில் மாதம் முந்நூறு ரூபாய் மிச்சம். பாட்டியின் கணக்கில் பகல் முழுவதும் இருட்டு.

இந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரக் காணொளிக்கு ஏறத்தாழ அரை ஜிபி செலவாகும். உயர்தரம் என்றால் ஒன்றரை முதல் மூன்று ஜிபி வரை. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி தரும் கைப்பேசி ரீசார்ஜை நம்பி ஒரு குடும்பத்தின் தொலைக்காட்சியை ஓட்ட முடியாது. கேபிளில் பத்து மணி நேரம் பார்த்தாலும் அதே கட்டணம்தான். ஆகவே கேபிளை நிறுத்துகிற வீட்டுக்கு உண்மையில் தேவைப்படுவது பைபர் இணைப்பு. அதன் மாதக் கட்டணத்தோடு ஓடிடி சந்தாக்களையும் கூட்டினால் பழைய கேபிள் தொகையைத் தாண்டிவிடும். முதல் மாதம் எவரும் இதைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

இனி உடைமை பற்றி. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. அதே நாட்டில் இன்று ரிலையன்ஸ் என்ன வைத்திருக்கிறது என்று பாருங்கள். 2016 செப்டம்பரில் ஜியோவைத் தொடங்கியது. 2018-ல் ஹாத்வே, டென் என்ற இரு பெரிய கேபிள் நிறுவனங்களின் கட்டுப்பாட்டுப் பங்குகளை வாங்கப்போவதாக அறிவித்து, அவற்றைக் கைப்பற்றியது. 2024 நவம்பரில் டிஸ்னியின் இந்தியத் தொழிலோடு இணைந்து, 70,352 கோடி ரூபாய் மதிப்பிலான கூட்டு நிறுவனத்தை உருவாக்கியது. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோ ஹாட்ஸ்டார் வந்தது. கேபிளும் அதனுடையது, கேபிளை ஒழிக்கிற இணையமும் அதனுடையது, இரண்டிலும் ஓடுகிற கிரிக்கெட்டும் அதனுடையது. பாட்டியின் வீட்டில் கேபிள் போனாலும் இருந்தாலும் அதற்கு நட்டமில்லை. 2024 ஜூலையில் மூன்று தனியார் கைப்பேசி நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தியபோது, அந்தப் பேரன் யாரிடம் போய்ப் பேசுவான்? கேபிள்காரரிடம் என்றால் இரண்டு மாதம் தவணை கேட்கலாம். கோபத்தில் இரண்டு வார்த்தை அதிகமாகவும் பேசலாம்.

தொழிலாளர் பக்கம் நிலைமை கடுமையானது. 2018-ல் 15.1 கோடியாக இருந்த கட்டணத் தொலைக்காட்சி வீடுகள் 2024-ல் 11.1 கோடியாகக் குறைந்துவிட்டன என்று கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பே ஆலோசனை நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 5.77 லட்சம் வரை வேலைகள் பறிபோயிருக்கலாம் என்பது அதே அறிக்கையின் மதிப்பீடு. முதலாளிகள் தரும் புள்ளிவிவரம் என்பதால் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஆயினும் திசையைப் பற்றி எனக்கு ஐயமில்லை.

கேரளத்தில் கதை சற்று வேறாக நடந்திருக்கிறது. சிறு கேபிள்காரர்கள் தங்கள் சங்கத்தின் வழியே ஒன்றுசேர்ந்து கேரளா விஷனை உருவாக்கினார்கள். பழைய கம்பிப் பாதையிலேயே இணையத்தையும் கொடுத்தார்கள். இன்று நாட்டில் தரைவழி அகன்ற அலைவரிசை தரும் முதல் ஐந்து நிறுவனங்களின் வரிசையில், ஜியோவுக்கும் ஏர்டெலுக்கும் பக்கத்தில், ஆணையத்தின் பட்டியலில் அதன் பெயர் இடம்பெறுகிறது. அவர்களும் சிறு முதலாளிகள்தாம். அவர்களிடம் வேலை செய்யும் இளைஞர்களின் கூலியைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆனால் ஏகபோகத்தின் முன் சிதறி நிற்காமல் சேர்ந்து நின்றதால் பிழைத்தார்கள்.

அடுத்தது கே-போன். இணையம் மக்களின் அடிப்படை உரிமை என்று அறிவித்து, மின்வாரியக் கம்பங்களின் மீதே அரசு இழுத்த வலைப்பின்னல் அது. 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்டது. இலக்கு 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு. முதற்கட்டத்துக்கு அறிவிக்கப்பட்டதோ தொகுதிக்கு 100 வீதம் 14,000 வீடுகள். பாறசாலைக்கு நூறு, நெய்யாற்றின்கரைக்கு நூறு. இலக்குக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நாம் மூடி மறைக்கத் தேவையில்லை. நமது திட்டம் என்பதாலேயே அதன் வேகத்தைப் பற்றி நாம்தான் முதலில் கேட்க வேண்டும்.

கேபிளை நிறுத்தாதீர்கள் என்று மக்களிடம் சொல்லலாமா என்று சென்ற கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். கூலி வேலை செய்யும் குடும்பத்திடம் இரண்டு கட்டணம் கட்டச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. எந்த இணைப்புக்கு மாறுவது என்று கேட்டால் சொல்லலாம்: கே-போன் கிடைத்தால் அது, இல்லையேல் ஊர்க்காரர் தரும் பைபர். மாதக் கட்டணமே கட்ட இயலாதவர்களுக்கு டிடி ப்ரீ டிஷ் இருக்கிறது. தட்டு ஒருமுறை வாங்கினால் போதும். நம் நூலகங்களில் பொதுத் தொலைக்காட்சி வைத்திருந்த காலம் நினைவிருக்கும். அங்கே ஒரு பைபர் இணைப்பு வாங்கினால் பகலில் பாட்டிகளுக்கும் மாலையில் பிள்ளைகளுக்கும் பயன்படும். 2024 மார்ச்சில் கேரள அரசு தொடங்கிய சிஸ்பேஸ் ஓடிடி தளத்தில் தமிழுக்கும் ஒரு பகுதி வேண்டும் என்று நாம் மனு எழுத வேண்டும். அதை மலையாளத்தில் பெயர்த்துத் தரும் பொறுப்பு என்னுடையது.

ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "தாங்கள் கேபிளை நிறுத்திவிட்டீர்களா?" நிறுத்திவிட்டேன். ஊர்க் கேபிள்காரரிடமே பைபர் வாங்கினேன். அந்தப் பாட்டியின் வீட்டிலும் அதையே போடச் சொல்லிப் பேரனிடம் பேசினேன். அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறான். நூலகச் செயலாளர் இங்கே வந்திருந்தால் தேநீர் இடைவேளையில் என்னைப் பார்க்கவும்.