எம்2-க்கு எந்த ஆயில்? டப்பாவோட பின்பக்கத்தைப் படிங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றாமல், படிக்க வசதியாக மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு பில்.

என் நண்பர் ஒருத்தர் எட்டு வருஷமா சம்பளத்துல மிச்சம் பிடிச்சு, போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் பி.எம்.டபிள்யூ எம்2 காம்பெடிஷன் வாங்கினார். மூணு லிட்டர், ஆறு சிலிண்டர், ரெண்டு டர்போ, 410 குதிரைத்திறன். வாங்கின கையோட ஒரு கராஜ்ல விட்டு ஆயில் மாத்தினார். மூணு மாசம் கழிச்சு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன். "பழைய பில்லை இப்பதான்டா பார்த்தேன். 10டபிள்யூ-60 ஊத்தியிருக்காங்க. மேனுவல்ல வேற நம்பர் இருக்கு. என்ஜின் போச்சா?"

குரலே சரியில்ல. எட்டு வருஷ சேமிப்பு ஆச்சே. அவருக்கு என்ன பதில் சொன்னேன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த நம்பர்களைப் பார்த்துடலாம்.

அந்த நம்பர் என்ன சொல்லுது?

டபிள்யூன்னா விண்டர், குளிர்காலம். அதுக்கு முன்னாடி வர்ற நம்பர், கடும் குளிர்ல ஆயில் எவ்வளவு இளகி இருக்குன்னு சொல்லுது. எஸ்.ஏ.இ தரப்படி 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியில சோதிப்பாங்க, 10டபிள்யூ-வை மைனஸ் 25-ல. சென்னையில மார்கழி விடியற்காலையிலகூட 20 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம். அப்போ அந்த முதல் நம்பரை வெச்சு நாம ரொம்ப மண்டையை உடைச்சுக்க வேண்டாம்.

ரெண்டாவது நம்பர்தான் நமக்கு முக்கியம். 100 டிகிரி சூட்டுல ஆயிலோட கெட்டித்தன்மை அது. 30 கிரேடுன்னா 9.3-லேர்ந்து 12.5 சென்டிஸ்டோக் வரைக்கும். 40-ன்னா 12.5-லேர்ந்து 16.3. 60-ன்னா 21.9-லேர்ந்து 26.1. அதாவது 30-க்கும் 60-க்கும் நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம்.

"கெட்டியா இருந்தா நல்லதுதானே, நம்ம ஊரு வெயிலுக்கு?" இதை நான் கேட்காத கராஜ் கிடையாது. இப்படி யோசிங்க. இட்லி மாவுக்கு ஒரு பதம், ரவா தோசை மாவுக்கு ஒரு பதம். இட்லி மாவு நல்ல மாவுதான், ஆனா அதை ரவா தோசைக்கு ஊத்தினா கல்லுல ஓடாது. என்ஜின் பேரிங்கும் அப்படித்தான். கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு முடியோட கனத்தைவிடக் குறைவு. எந்தப் பதத்துல ஆயில் ஓடணும்னு முடிவு பண்ணித்தான் அந்த இடைவெளியையும் ஆயில் பம்ப்பையும் டிசைன் பண்றாங்க. தேவைக்கு மேல கெட்டியா ஊத்தினா பிரஷர் ஏறும், ஆனா ஓட்டம் குறையும். ஆயில் சூடாகி சரியான பதத்துக்கு வரவும் நேரம் பிடிக்கும். ரொம்ப நீர்த்துப் போனா, அதிக சூட்டுல அந்தப் படலம் அறுந்து உலோகமும் உலோகமும் உரசும். ரெண்டுமே ஆபத்துதான்.

கராஜ்காரர் ஏன் 60 ஊத்தினார்?

அவர் முட்டாள் இல்லைங்க. பழைய பாடத்தைப் புதுப் பரீட்சையில எழுதிட்டார், அவ்வளவுதான். 2000-களோட தொடக்கத்துல வந்த ஈ46 எம்3, அதுக்கப்புறம் வந்த வி8 எம்3, ரெண்டுமே டர்போ இல்லாம 8,000 ஆர்.பி.எம். வரைக்கும் சுத்தற என்ஜின். அதுங்களுக்கு பி.எம்.டபிள்யூ சொன்ன ஆயில் 10டபிள்யூ-60-தான். 'எம் கார்னா 60' அப்படிங்கிற பேச்சு அங்கேர்ந்துதான் வந்தது. ஆனா டர்போ ஆறு சிலிண்டர் வந்ததும் பி.எம்.டபிள்யூவே 30 கிரேடுக்கு இறங்கிடுச்சு. பேட்ஜ்ல அதே எம்தான், உள்ள இருக்கிற என்ஜின் வேற. அதனால 'ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில்?'னு பொதுவாக் கேட்காதீங்க. 'இந்த என்ஜினுக்கு எந்த ஆயில்?'னு கேளுங்க.

ஒரே நம்பர், ரெண்டு ஆயில்

உடனே கடைக்குப் போய் 'ஒரு 5டபிள்யூ-30 குடுங்க'ன்னு கேட்டுடாதீங்க. அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. எச்.டி.எச்.எஸ். அப்படின்னு ஒரு அளவு. 150 டிகிரி சூட்டுல, வேகமா சுத்துற பேரிங்குக்குள்ள நசுங்குற மாதிரி ஒரு நிலைமையில, ஆயில் எவ்வளவு தாக்குப்பிடிக்குதுன்னு அது சொல்லும். 30 கிரேடுக்கு எஸ்.ஏ.இ கேட்கிற குறைந்தபட்சம் 2.9. ஆனா பி.எம்.டபிள்யூவோட லாங்லைஃப்-01 அப்ரூவல் வாங்கணும்னா 3.5 வேணும். சாதாரண ஹேட்ச்பேக்குக்கு ஊத்துற 5டபிள்யூ-30, இந்த அப்ரூவல் வாங்கின 5டபிள்யூ-30, டப்பாவோட முன்பக்கம் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். டிராக்ல நாலாவது லேப்ல தெரியும் வித்தியாசம்.

'ஃபுல்லி சிந்தெடிக்'னு பெருசா எழுதியிருக்கே, அது போதாதா? போதாது. முன்னாடி சிந்தெடிக்னாலே பி.ஏ.ஓ., எஸ்டர் மாதிரி வேதியியல் முறையில கட்டின எண்ணெய்தான். 1999-ல அமெரிக்காவுல மொபில், காஸ்ட்ரோல் மேல விளம்பரப் புகார் கொடுத்தது. கச்சா எண்ணெயையே கடுமையா சுத்திகரிச்சு எடுக்கிற குரூப் 3 ஆயிலை சிந்தெடிக்னு சொல்றாங்களேன்னு. தீர்ப்பு காஸ்ட்ரோல் பக்கம் போச்சு. அன்னிலேர்ந்து சிந்தெடிக்ங்கிறது விளம்பர வார்த்தை ஆயிடுச்சு. ஜெர்மனியில மட்டும் அந்தப் பேருக்கு இன்னும் கெடுபிடி இருக்கு. குரூப் 3 மட்டம்னு நான் சொல்லல. நல்ல ஆயில் நிறைய அதுல இருக்கு. ஆனா அந்த ஒரு வார்த்தையை நம்பி வாங்காதீங்க.

எதை நம்பலாம்? டப்பாவைத் திருப்புங்க. பி.எம்.டபிள்யூன்னா லாங்லைஃப்-01, பென்ஸ்னா 229.5, போர்ஷேன்னா ஏ40, இப்படி கார் கம்பெனியோட அப்ரூவல் நம்பர் இருக்கும். அங்கயும் வார்த்தையைக் கவனிங்க. 'அப்ரூவ்டு'ன்னு இருந்தா கார் கம்பெனி சோதிச்சு ஒத்துக்கிட்டதுன்னு அர்த்தம். 'மீட்ஸ்', 'சூட்டபிள் ஃபார்'னு இருந்தா ஆயில் கம்பெனி தானே சொல்லிக்குறது. சீல் உடையாம இருக்கா, க்யூ.ஆர். கோடு வேலை செய்யுதான்னும் பார்த்துக்கங்க. போலி ஆயில் நம்ம ஊர்ல இருக்கு.

நாங்க என்ன பண்ணினோம்?

அடுத்த சனிக்கிழமை கார் லிஃப்ட்ல ஏறிச்சு. பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டரை அறுத்துப் பிரிச்சுப் பார்த்தோம். உலோகத் துகள் எதுவும் இல்ல. அவரும் 1,800 கிலோமீட்டர்தான் ஓட்டியிருந்தார், பெரும்பாலும் ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல. மேனுவல்ல லாங்லைஃப்-01-க்குள்ள 30, 40 ரெண்டு கிரேடையும் அனுமதிச்சிருந்தாங்க. வெயில், அப்பப்ப இருங்காட்டுக்கோட்டை டிராக் டே, இதையெல்லாம் யோசிச்சு 0டபிள்யூ-40 எடுத்தோம், ஆறரை லிட்டர். கொஞ்சம் கெட்டியா வேணும்னாலும் அந்த லிஸ்டுக்குள்ளயே தேர்ந்தெடுங்க. வெளிய போகாதீங்க.

ரெண்டு பழக்கத்தையும் அவர் மாத்திக்கிட்டார். கூலன்ட் சூடானா ஆயிலும் சூடாயிடுச்சுன்னு அர்த்தமில்ல, ஆயில் பின்னாடி மெதுவாத்தான் வரும். ஆயில் டெம்பரேச்சர் ஏறுற வரைக்கும் ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிக்கறதில்ல. டிராக்ல அது 130 டிகிரியைத் தாண்டினா ஒரு லேப் மெதுவா ஓட்டி ஆற வைக்கிறார். அப்புறம், சின்னச் சின்ன தூரமே ஓட்டினா பெட்ரோல் ஆயில்ல கலந்து அதை நீர்க்க வைக்கும். அதனால டேஷ்போர்டு சொல்ற வரைக்கும் காத்திருக்காம சீக்கிரமே மாத்துறார்.

சரி, அன்னிக்கு ராத்திரி கேட்டாரே, 'என்ஜின் போச்சா?'ன்னு. நான் சொன்னது இதுதான்: "அநேகமா இல்ல. ஆனா ஒண்ணுமே ஆகலைன்னு நான் சர்டிபிகேட் தர முடியாது. பேரிங் தேயறது மெதுவா நடக்கிற விஷயம். இனிமே சரியா ஊத்தறதுதான் நம்ம கையில இருக்கு." கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பில்லை அன்னிக்கே படிச்சிருக்கலாம்ல"ன்னார்.

அதேதான் உங்களுக்கும் வீட்டுப்பாடம். எம்2 வேண்டாம், ஐ20-யே இருக்கட்டும், டூவீலரா இருக்கட்டும். இன்னிக்கு ராத்திரி மேனுவலையும் கடைசி சர்வீஸ் பில்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடு பிரேக் ஃபுளூயிட் பத்தி. அதுலயும் ஒரு பில் கதை இருக்கு. பத்திரமா ஓட்டுங்க மக்களே.