பொடி டப்பியில் ஒரு முகம்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

"மாமா, சயன்ஸ் விஷயமா ஏதாவது பேசுங்கோ" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மூக்குப்பொடி டப்பியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். தாத்தாவின் பொடி நெடி தெரியாதவர் இந்தச் சபையில் குறைவு.

2011-ல் பெண் வீட்டுக்கு லண்டன் போயிருந்தபோது, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் தங்கப் பொடி டப்பிகளைப் பார்த்தேன். பல, பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் செய்தவை. உள்ளங்கையில் அடங்கும். நம் ஜெய்ப்பூர் மீனாகாரி போல மேலெல்லாம் எனாமல் வேலை. சிலவற்றின் மூடியில் ஒரு ராஜாவின் முகம், புருவத்து முடிகூடத் தெரியும்படி.

கலால் இலாகாவில் இருந்தவன் என்பதால் என் கண் முதலில் முத்திரைகளில் விழுந்தது. பாரிஸில் டப்பி செய்ய ஆரம்பிக்கும்போது ஒரு வரி முத்திரை, வரி கட்டியபின் இன்னொன்று. வசூலித்தவர்கள் குத்தகைதாரர்கள். ஆக்ஸிஜனுக்குப் பெயர் வைத்த லவாய்சியே அவர்களில் ஒருவர். அதனால்தான் 1794-ல் தலையையே இழந்தார். நம் இலாகாவில் மெமோவோடு போயிற்று!

எனாமல் என்பது கண்ணாடிப் பொடிதான். கோபால்ட் ஆக்ஸைடு சேர்த்தால் நீலம், தாமிரம் சேர்த்தால் பச்சை. தங்கத்தையே ராஜதிராவகத்தில் கரைத்து எடுத்தால் ரோஜா நிறம். உலையில் சுமார் 800 டிகிரியில் கண்ணாடி இளகித் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். தங்கம் உருக 1064 டிகிரி வேண்டும். அந்த இடைவெளியில்தான் இந்தக் கலையே நடக்கிறது. முகம் எழுதுவதற்கு, மெல்லிய தங்கத் தகட்டின் இருபுறமும் எனாமல் பூச வேண்டும். ஒரு புறம் மட்டும் பூசினால் ஆறும்போது தகடு வளைந்துவிடும். பிறகு மெல்லிய தூரிகையால் எழுதுவது, சுடுவது, மறுபடி எழுதுவது, மறுபடி சுடுவது. அதிகச் சூடு தாங்கும் நிறம் முதலில். கடைசித் தடவை விரிசல் விட்டால் மாதக்கணக்கான உழைப்பு போயிற்று. தப்பி வந்த நிறமோ மங்குவதே இல்லை.

இதில் மகா நிபுணர் ழான் பெத்தித்தோ. 1607-ல் ஜெனீவாவில் பிறந்தவர். இங்கிலாந்தில் முதலாம் சார்ல்ஸ், பிறகு பிரான்ஸில் பதினான்காம் லூயி முகங்களை எழுதினார். அவர் பிராடஸ்டண்ட். 1685-ல் அந்த மதத்தாருக்கு இருந்த உரிமைகளை லூயி ரத்து செய்தபோது, எண்பதை நெருங்கிய இந்தக் கிழவரையும் சிறையில் போட்டார்கள். எத்தனை வருஷம் அந்த முகத்தை எழுதியிருப்பார்! விடுபட்டு ஸ்விட்சர்லாந்து திரும்பி 1691-ல் காலமானார். அவர் எழுதிய முகங்களைப் பின்னால் வந்த தட்டான்கள் பொடி டப்பிகளில் பதித்தார்கள். டப்பியைவிட முகம் வயதில் மூத்தது.

ராஜாக்கள் இவற்றைத் தூதர்களுக்குப் பரிசளிப்பது வழக்கம். வாங்கியவர்களில் பலர் நேரே நகைக்கடைக்குப் போய்க் காசாக்கிக்கொண்டார்கள். வைரம் போயிற்று, தங்கம் உருகிற்று. முகத்தை உருக்கினால் என்ன கிடைக்கும்? சின்னத் தகடும் ஒரு சிட்டிகைக் கண்ணாடியும். அதனால் பிழைத்தது.

2024 நவம்பரில் பாரிஸின் காஞ்யாக்-ஜே மியூசியத்தில் பட்டப்பகலில் கோடாலியோடு புகுந்து ஏழு பழைய டப்பிகளைத் திருடினார்கள். செய்தியைப் படித்ததும், உருக்கிவிடுவார்களோ என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றக் காரணம் உண்டு.

1976-ல் தங்கை கல்யாணம். தாத்தாவின் வெள்ளிப் பொடி டப்பியைக் கடைக்கு எடுத்துப்போனவன் நான். கடைக்காரர் எடை போட்டு, பற்றுக்குக் கழித்து, ஒரு குங்குமச் சிமிழ் கொடுத்தார். நல்ல பேரம் என்று சந்தோஷமாகத் திரும்பினேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாவுக்கு எங்கள் அகத்தில் போட்டோ கிடையாது. விரலால் தட்டித் தட்டி அந்த மூடியில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது.

சிமிழைத் தங்கை இன்னும் வைத்திருக்கிறாள். போன வருஷம் கையில் வாங்கிப் பார்த்தேன். மூடி மழமழவென்று இருக்கிறது.