கேட்டதும், கேட்டதாகச் சொன்னதும்

ரசனையைப் பற்றிப் பேசுங்கள் என்று இத்தொடரின் தயாரிப்பாளர் கேட்டபோது, கவிதையோ சிறுகதையோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். நான் கொண்டுவந்திருப்பது ஹெட்போன். கலையகத்தில் இப்போது என் காதிலும் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. ஆகவே விஷயத்துக்கு வெளியே நான் போய்விடவில்லை.

இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் படிப்பிப்பவன் நான். போயா விடுமுறை நாட்களில், பின்னேரம் கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசல் பக்கமாக உள்ள ஒரு றேடியோ திருத்தும் கடைக்குப் போவது சில வருடங்களாக என் வழக்கம். கடைக்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் அவர் காக்கா, எனக்கும் அப்படியே. கட்டாரில் பன்னிரண்டு வருடம் உழைத்துத் திரும்பிய நண்பர் ஒருவரும், பௌதிகவியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பி ஒருவரும் அங்கு வருவார்கள். நாலு பேர், இரண்டு ஹெட்போன், ஒரு சிறிய ஒலிப்பெருக்கி, பிளேன்ரீ. இதுதான் எங்கள் சபை.

கட்டார் நண்பர் கொண்டுவந்தவை விலை கூடிய சாமான்கள். ஒன்று ஜேர்மனியின் சென்ஹைசர் கம்பனி 1997 இல் வெளியிட்ட எச்.டி. 600. மற்றது சீனத்து ஹைபிமன் கம்பனியின் தயாரிப்பு. அதன் பெயர் சுந்தரா. பெயரைக் கேட்டதும் நம்மூர்க்காரர் யாரோ செய்ததாக்கும் என்று எண்ணிப் பெருமைப்பட்டேன்! முதலாவதில், மெல்லிய சவ்வொன்றின் பின்னால் ஒட்டிய கம்பிச் சுருள் காந்தத்துக்குள் அசைந்து ஒலியை எழுப்புகிறது. இரண்டாவதில் சுருள் கிடையாது. சவ்வு முழுவதிலுமே மின்சாரம் ஓடும் கோடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. காந்தங்களின் அருகே சவ்வு முழுதாக அசைகிறது. இரண்டுமே காதை மூடி அடைப்பவை அல்ல. பின்பக்கம் வலைபோலத் திறந்திருக்கும். வெளிச்சத்தமும் உள்ளே வரும்.

இவற்றைக் கேட்டுக் குறிப்புரைப்பதற்கென்றே உலகெங்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் ரசிகர்கள் மேசை நிறைய ஹெட்போன்களைப் பரப்பிவைத்து, மாறி மாறி மாட்டிப் பார்த்து, நாள் முழுக்கப் பேசுகிறார்கள். "வோம்", "பிரைற்", "டார்க்" என்பவை அவர்களுடைய சொற்கள். கட்டார் நண்பருக்கும் இந்தப் பாஷை நன்றாகப் பழகியிருந்தது. முதல் நாளே நான் மாட்டிக்கொண்டேன்.

"பிரைற் என்றால் வெளிச்சமா?" என்று கேட்டேன்.

"சேர், நீங்கதானே தமிழ் வாத்தியார். நீங்க சொல்லுங்களேன், தமிழில எப்பிடிச் சொல்ற?" என்றார்.

சொல்லத்தான் பார்த்தேன். கணீர், கரகரப்பு, கம்மல், கீச்சு, தழுதழுப்பு என்று ஓசைக்கு நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லும்போது காக்கா ஒரு கேள்வி போட்டார். "கம்மலா இரிக்கிறது ஹெட்போனா, பாடினவரா, உங்கட காதா?" பல்கலைக்கழகத்தில் எனக்கு வாய்மொழிப் பரீட்சை நடத்தியவர்கள்கூட இப்படி மடக்கியதில்லை.

தொல்காப்பியர் உரியியலில் உரிச்சொல் பிறக்கும் இடங்கள் மூன்று சொல்கிறார்: இசை, குறிப்பு, பண்பு. இசை காதுக்கு எட்டும் ஓசை. குறிப்பு மனம் உணர்வது. பண்பு பொருளில் இருப்பது. வகுப்பில் பத்து வருடத்துக்கு மேலாக நான் இதை ஒப்புவித்து வந்திருக்கிறேன். அது எதற்கு உதவும் என்று அந்தக் கடையில்தான் விளங்கியது. கேட்டவர் தன் மனக்குறிப்பைச் சாமானின் பண்பாகச் சொல்லிவிடுகிறார். படித்தவர் அதை ஓசை என்று நம்பிக் காசை எண்ணிக் கொடுக்கிறார். (நமது நூல் விமர்சனங்களில் பாதி இந்த ரகம் என்று சொன்னால் நண்பர்கள் கோபிப்பார்கள், சொல்லவில்லை.)

விலை மனத்தைக் கெடுக்கும். 2017 இல் ஜெரோன் பிரேபார்ட் என்னும் ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து, தாழ்ந்த ஓசை முதல் உயர்ந்த ஓசை வரை ஒவ்வொன்றும் எப்படி ஒலிக்கிறது என்பதை விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பு காணவில்லை என்று அமெரிக்க ஒலியியற் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். சத்தமும் மனத்தைக் கெடுக்கும். ஒன்றைச் சற்றே கூட்டிவைத்தால் போதும், அதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். வயதும் இருக்கிறது. இளம் காது ஏறக்குறைய 20,000 அதிர்வு வரை கேட்கும். நாற்பதைத் தாண்டிய என் காதுக்கு மேல்மாடி ஏற்கெனவே பூட்டப்பட்டாயிற்று.

எனவே ஒரு விதி செய்துகொண்டோம். தம்பி கருவி வைத்து இரண்டிலும் சத்தத்தைச் சமப்படுத்துவார். கேட்டு முடித்ததும் யாரும் வாய் திறக்கக்கூடாது. அவரவர் துண்டுக் கடதாசியில் எழுதிக் காக்காவின் கருவிப் பெட்டிக்குள் போடவேண்டும். பிறகுதான் பேச்சு. பிளேன்ரீயும் பிறகுதான்.

இப்படிக் கூடிக் கேட்பது நமது நாட்டுக்குப் புதிதல்ல. எட்வேர்ட் ஹாப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர் 1923 இல் கொழும்பிலிருந்து பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அந்தக் காலத்துக் கிறிஸ்டல் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் ஒலிபெருக்கியை இயக்கும் வலுவும் அதற்குக் கிடையாது. காதில் மாட்டித்தான் கேட்கவேண்டும். வானொலியின் முதல் நேயர்களில் பலர் ஹெட்போன்காரர்கள் என்பதை, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு நினைவூட்டுகிறேன்.

இன்னுமொருவரையும் நினைக்கத் தோன்றுகிறது. கல்முனைக்குடியிலிருந்து தெற்கே சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு, சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். விஞ்ஞானப் பட்டதாரியான அவர், வழக்கொழிந்துபோன யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டுத் தேடி எழுதிய யாழ்நூல் 1947 இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அதே வருடம் அவர் மறைந்தார். கேட்க முடியாத ஒன்றைக் கேட்க முயன்றவர் அவர். எங்கள் துண்டுக் கடதாசி விளையாட்டை அவரோடு ஒப்பிடவில்லை. வீட்டுக்கு அந்த வழியால் போகும்போதெல்லாம் நினைவு வருகிறது, அவ்வளவுதான்.

இப்போது நான் சொல்லவந்த சங்கதிக்கு வருகிறேன்.

கட்டார் நண்பரின் வாப்பாவும் எண்பதுகளில் வளைகுடா நாட்டில் வேலை செய்தவர். தொலைபேசி அருமையாக இருந்த காலம். வீட்டிலுள்ளவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி, ஊரிலிருந்து போகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். இக்கரையோரத்துக் குடும்பங்கள் பலவற்றில் இந்த வழக்கம் இருந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது நண்பரின் உம்மா போய்விட்டார். வீடும் போனது. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. பிறகு வாப்பா ஒரேயடியாக ஊர் திரும்பியபோது அவருடைய பெட்டிக்குள் இரண்டு கசற்றுகள் இருந்தன. ஊரைவிட்டுப் போனதால் தப்பிய குரல் அது.

நண்பர் அவற்றைப் பல வருடம் போட்டுப் பார்க்கவில்லை. நாடா அறுந்துவிடும் என்ற பயம் என்றார். வேறு பயமும் இருந்திருக்கும். சென்ற வருடம் ஒரு போயா தினத்தில் ஒன்றைக் கொண்டுவந்து காக்காவின் மேசையில் வைத்தார்.

காக்கா அவசரப்படவில்லை. கசற்றைத் திறந்து, நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் துண்டு உதிர்ந்திருந்ததை மாற்றினார். ரெக்கோடரின் தலையை ஸ்பிரிற் நனைத்த பஞ்சால் துடைத்தார். பிறகு ஓடவிட்டார். எச்.டி. 600 இல் நண்பர் முதலில் கேட்டார், பின் நாங்கள். ஒரு பெண் குரல், கம்பளிக்குள் பொதிந்ததுபோல. சுந்தராவை மாட்டினோம். அதே கம்பளி. பேசுகிறார் என்று தெரிகிறது, என்ன பேசுகிறார் என்று தெரியவில்லை. நண்பரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை என்பதே சரி.

காக்கா ஒரு சின்னத் திருகாணிமுறுக்கியை எடுத்து, நாடாவைத் தொடும் தலையின் ஓரத்துத் திருகாணியை மெதுவாகத் திருப்பினார். கால் சுற்றுக்கூட இருக்காது. திடீரென்று சொற்கள் வந்தன.

அன்றைக்குப் பதிவுசெய்த ரெக்கோடரில் தலை எந்தச் சரிவில் இருந்ததோ, அதே சரிவில் கேட்கும் ரெக்கோடரின் தலையும் இருக்கவேண்டும். மயிரிழை பிசகினாலும் உயர்ந்த ஓசைகள் அழிந்துபோகும். ச, ஸ, த போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த உயரத்தில்தான் இருக்கிறது. உயிரெழுத்துகள் கீழே ஒலிப்பதால் தப்பிவிடும். அதுவரை எங்களுக்கு உயிர் கேட்டது, மெய் கேட்கவில்லை. என் ஒரு மாதச் சம்பளத்தால் வாங்கமுடியாத இரண்டு ஹெட்போன்கள் செய்யாததை ஒரு திருகாணி செய்தது. "இத நான் முதல்லயே சொன்னா நீங்க நம்புவீங்களா?" என்றார் காக்கா.

சரிசெய்தபின் அந்த ஹெட்போன்கள் தங்கள் வேலையைக் காட்டின, அதையும் சொல்லவேண்டும். உம்மா நெல் விலை சொன்னார், யாருடைய கலியாணமோ சொன்னார். பின்னால் கோழி ஒன்று. அதற்கும் பின்னால், விட்டுவிட்டு ஓர் இரைச்சல். நாடாவின் இரைச்சல் என்று நினைத்தோம். நாடாவின் இரைச்சல் ஏறி இறங்காது. அது கடல். ஒரு பிள்ளை இருமியது. "அது நான்" என்றார் நண்பர்.

துண்டுகளை எழுதிப் போட்டோம். காக்கா திறந்தார். நண்பரின் துண்டில் ஹெட்போன்காரரின் பாஷை ஒன்றுமில்லை. "உம்மா பேசத் தொடங்க முந்தியே பேசுறா" என்று எழுதியிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மனக்குறிப்பு என்றுதான் நானும் எண்ணினேன். இருபது வருடம் கேட்காத குரலுக்காகக் காத்திருக்கும் காது, வருமுன்னே அதைக் கேட்காதா? ஆனால் தம்பியின் துண்டிலும் அதே சங்கதி வேறு சொல்லில் இருந்தது: "ஆரம்பத்தில் ஆவிமாதிரி ஒரு சத்தம், ரெண்டு செக்கன் முன்னுக்கு." நான் மீண்டும் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தொடக்கத்தைக் கேட்டேன். கடையின் மின்விசிறியைக் காக்கா நிறுத்தினார். அமைதி. மிகத் தொலைவில், கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல ஒரு விளிப்பு. இரண்டு விநாடி கழித்து அதே விளிப்பு, முழுக் குரலில்.

காக்காவுக்கு இது புதினமில்லை. சுருட்டிவைத்த நாடாவில் ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று படிந்திருக்கிறது. சத்தமுள்ள சுற்றின் காந்தம், கிடக்கக் கிடக்க, பக்கத்துச் சுற்றில் மெல்லப் பதிந்துவிடும். முன் சுற்று வெறுமையாக இருந்தால், குரல் வருமுன் அதன் நிழல் கேட்கும். கசற்றின் நாடா மெல்லியது; அதனால் பதிவு இன்னும் இலகு. சாதாரண ஒலிபெருக்கியில், விசிறிச் சத்தத்துக்குள், யாருக்கும் இது பிடிபடாது. காதோடு ஒட்டிய நல்ல ஹெட்போனில் பிடிபடும். பெட்டிக்குள் கிடந்த வருடங்கள் அந்த நிழலில் சேர்ந்திருக்கின்றன. நண்பர் எழுதியது சொல்லுக்குச் சொல் உண்மை. அது இசைதான், வெறும் குறிப்பு என்று தீர்ப்பெழுதியவன் நான்.

தம்பி கசற்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டார். அடுத்த போயாவுக்கு வந்தபோது, இரைச்சலைக் குறைக்கலாம், அந்த முன்நிழலையும் துடைத்துவிடலாம் என்றார். துடைத்து ஒரு மாதிரியும் செய்து கொண்டுவந்திருந்தார். இரண்டையும் பெயர் சொல்லாமல் மாற்றிப் மாற்றிப் போட்டோம்; துண்டுகள் எழுதினோம். துடைத்ததே தெளிவு என்று மூன்று துண்டுகள். என்னுடையதும் அதில் ஒன்று, மறைக்கவில்லை. துடைத்ததில் கடலும் பாதி போயிருந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நண்பர் கவனித்திருந்தார். "தெளிவுதான் தம்பி. ஆனா கடல் எங்க?" என்றார். "மத்தத வாப்பாட போன்ல போட்டுத் தாங்க."

வாப்பாவுக்கு இப்போது காது மந்தம். அவருக்கு எச்.டி. 600 ஐ மாட்டிவிட்டார்களாம். கனக்கிறது என்று கழற்றிவிட்டு, போனைக் காதோடு வைத்துக் கேட்டாராம். என்ன கேட்டது என்று அவர் சொல்லவில்லை; அவரிடம் துண்டுக் கடதாசி நீட்ட எங்களில் யாருக்கும் துணிவில்லை.

இரண்டாவது கசற்றின் நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறது. காக்கா அதை ஒரு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் சுற்றி வருகிறார். அடுத்த போயாவுக்குச் சரிவரும் என்கிறார்.