தாயின் செவி



நடுநிசியில் தெருவிலே சரக்கு லாரி ஒன்று இரைந்து செல்கிறது, இளந்தாய் விழிக்கவில்லை. தூளியிலே குழந்தை மெல்லச் சிணுங்குகிறது, உடனே எழுந்துவிடுகிறாள். பெற்ற மனம் என்று நாம் ஒரே சொல்லில் இதற்கு விடை கூறிவிடுவோம். அச்சொல்லினுள் அடங்கிய உடலியல் உண்மை யாது என்பதை இன்று காண்போம்.

இவ்வாராய்ச்சியில் அறிஞர்களுக்குப் பேருதவி புரிந்தது சுண்டெலியாகும். கூட்டைவிட்டு விலகிய எலிக்குஞ்சு, குளிரால் வாடிக் குரல் கொடுக்கும். அது நமக்குக் கேளாது. மனிதச் செவியின் உச்ச எல்லை வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். குஞ்சின் குரலோ அதனினும் மிக உயர்ந்தது. ஈன்ற எலி அதைக் கேட்டதும் ஓடிச் சென்று, குஞ்சைக் கவ்விக் கூட்டில் சேர்க்கும். ஈனாத பெண்ணெலியின் காதிலும் அதே ஒலி விழுகிறது. ஆயினும் அது பெரும்பாலும் வாளா இருக்கும். வேற்றுமை மூளையில் உள்ளது.

மூளையின் நரம்பணுக்கள் இருவகைத் தூண்டல்களைப் பெறுகின்றன: ஒன்று எழுப்புவது, மற்றொன்று அடக்குவது. ஈனாத எலியிடத்துக் குஞ்சின் குரலுக்கு இவ்விரண்டும் இசைந்து வருவதில்லை. ஆதலின் குரல் தெளிவாகப் பதிவதில்லை. தாயெலியிடத்தோ பாட்டும் தாளமும் போல இரண்டும் பொருந்தி நிற்கின்றன.

இப்பொருத்தத்திற்குத் துணை செய்வது ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன். மகப்பேற்றின்போது கருப்பையைச் சுருங்கச் செய்வதும், தாய்ப்பால் வெளிவர உதவுவதும் இதுவே. நியூயார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஈனாத எலிகளின் இடப்புற மூளையில் ஒலியை ஆராயும் பகுதியில் இதனைச் செலுத்தினர். அவை குஞ்சுகளைத் தூக்கிச் சேர்க்க விரைவில் கற்றன. இம்முடிவு 2015-இல் வெளியாயிற்று. பழகித் தேர்ந்த எலிகளிடத்தில் ஆக்சிடோசினின் செயலைத் தடுத்தபோதும், அவை கற்றதை மறக்கவில்லை என்பதும் தெரிந்தது.

2021-இல் வெளியான ஆய்வு இதனினும் வியப்பானது. தாயெலி குஞ்சுகளைப் பேணுவதை ஒளி ஊடுருவும் தடுப்பின் வழியே பார்த்திருந்தே, ஈனாத எலிகள் சில அப்பணியைக் கற்றுக்கொண்டன!

எலியிடம் கண்டதெல்லாம் மனிதர்க்கு அப்படியே பொருந்தும் என்றல் ஆகாது. எனினும், 11 நாடுகளைச் சேர்ந்த 684 தாய்மார்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவு ஈண்டுக் கருதத்தக்கது. குழந்தை அழுததும் தூக்குவதும், அதனோடு பேசுவதும் அவர்களிடையே பொதுவாகக் காணப்பட்டன. முதற்குழந்தை பெற்ற தாய்மாரின் மூளைப் படங்களில், அழுகையைக் கேட்டபோது, ஒலியை ஆராயும் பகுதியோடு, அசைவுக்கும் பேச்சுக்கும் உரிய பகுதிகளும் செயற்பட்டன.

இதனால் நாம் அறிவது யாது? ஹார்மோன் வாயிலைத் திறக்கிறது. பழக்கம் வழியைக் காட்டுகிறது. ஆகவே, குழந்தை ஏன் அழுகிறது என்று புரியாமல் கலங்கும் இளந்தாயைக் குறை கூறுதல் முறையன்று, அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். தந்தையரும், பாட்டியரும், நீங்களும் அவளோடு சேர்ந்து கற்கலாம். அடுத்த முறை தூளி அசையும்போது, தாயை மட்டும் எதிர்பாராமல் எழுந்து சென்று பாருங்கள்.