பனிக்குள் நிற்கும் காரின் பற்றறி



தை மாதத்தில் ரொக்ஸ்பரோவில் சில வீட்டு வாசல்களில் கார் பனிக்குள் புதைந்து கிடக்கும். வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருப்பார். மூன்று மாதம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் சத்தமே வராது. பழியைக் குளிரின் மேல் போடுவோம். ஆனால் பெரும்பாலும் காரணம், சார்ஜ் குறைந்த பற்றறியை அப்படியே விட்டுப்போனதுதான்.

கார் பற்றறிக்குள் இருப்பது ஈயத் தகடும் கந்தக அமிலமும். முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தால் அமிலம் செறிவாக இருக்கும். அது உறைவதற்குச் சைபருக்குக் கீழே 50 பாகைக்கு மேல் குளிர வேண்டும். மொன்றியலில் அந்தக் குளிர் இல்லை. சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துப்போகும். முற்றாக இறங்கிய பற்றறி சைபருக்குக் கீழே 10 பாகையிலேயே உறைந்து, பெட்டி பிளந்துவிடலாம். உறையாவிட்டாலும் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

நிற்கும் காரிலும் அலாரமும் கணினியும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே புறப்பட முன் சார்ஜரில் போட்டு நிரப்புங்கள். சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் 12.6 வோல்ற்றாவது காட்ட வேண்டும். 12.4க்குக் கீழே இறங்கினால் திரும்பவும் ஏற்ற வேண்டும். பிறகு மைனஸ் வயரைக் கழற்றி விடுங்கள்.

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சாவியைக் கொடுத்து, "கிழமைக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணி விடு" என்று சொல்லிப் போகிறவர்கள் பலர். கடுங்குளிரில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால், ஸ்ராட் பண்ணச் செலவானதே திரும்பி வராது. அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டித் திரிந்தால்தான் பயன்.

இன்னொரு பழக்கம், பற்றறியைக் கழற்றி வந்து ஹீற்றருக்குப் பக்கத்தில் வைப்பது. 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடைக் காலத்தில், தேய்ந்த ரோச் பற்றறியை வெயிலில் காயவைத்து வானொலி கேட்டவர்கள் நாங்கள். அந்த நினைப்புத்தான். ஆனால் நிரம்பிய கார் பற்றறி சூட்டில்தான் கெதியாக இறங்கும், குளிரில் மெதுவாக. கராச்சில் இருப்பதே நல்லது.

சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வரும். காற்றோட்டமான இடமாகப் பாருங்கள். அடுப்படியும் சாமி விளக்கு எரியும் அறையும் வேண்டாம். உறைந்த பற்றறிக்குச் சார்ஜும் ஏற்றாதீர்கள், வேறு காரிலிருந்து வயரும் கொடுக்காதீர்கள். அது வெடிக்கக்கூடும்.

வயரைக் கழற்றினால் ரிமோற்றால் கதவு திறக்காது. இரும்புச் சாவியைக் கையில் வைத்திருங்கள். மீளப் பூட்டியதும் சில கார்களில் வானொலி இரகசிய இலக்கம் கேட்கும். அதையும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் காரில் எங்களைக் கேட்க முடியாது.