தரவுத்தளமும் அதன் பிரதியும்

(சங்க மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் சங்கத்தின் அங்கத்தினர் ஜாபிதாவும், சந்தா வரவும், மாணாக்கர் உபகாரச் சம்பளக் கணக்கும் இப்பொழுது பேரேட்டில் இல்லை. கம்ப்யூட்டரில் தரவுத்தளமாக இருக்கின்றன. அங்கத்தினர் எண் என்னும் ஒரே கயிற்றால் அட்டவணைகள் பலவும் பிணைக்கப்பட்டுள்ளன. இம்முறையை 1970-ம் வருஷத்தில் ஐ.பி.எம். கம்பெனியைச் சேர்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்துரைத்தார். பேரேட்டைக் கறையான் அரித்தாலும் பாதி ஏடாவது மிஞ்சும். இதிலோ ஒரு வரிக் கட்டளையால் யாவும் ஒழிந்துபோம். எந்தப் பிள்ளைக்கு எத்தவணை கொடுத்தோம் என்பதற்குப் பின்பு சாட்சி ஏது? ஆதலின் பிரதி வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். எடுத்த பிரதி மீளுமா என்று பார்ப்பவரே அரியர்.

2017-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி கிட்லேப் என்னும் கம்பெனிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். நிரல் எழுதுவோர் தம் வேலையைச் சேர்த்து வைக்கும் ஸ்தாபனம் அது. அதன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குத் தலைமை யந்திரம் ஒன்றும் துணை யந்திரம் ஒன்றும் இருந்தன. பின்தங்கிய துணையைத் துடைத்து மீண்டும் நிரப்ப எண்ணிய உத்தியோகஸ்தர், கட்டளையைத் தலைமையிலேயே கொடுத்துவிட்டார். ஓரிரு வினாடியில் உணர்ந்து நிறுத்தினார். ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 மிஞ்சிற்று.

தினசரிப் பிரதியைத் தேடினர், அது இல்லை! தரவுத்தளம் 9.6-ம் பதிப்பு, பிரதி எடுக்கும் 'பி.ஜி. டம்ப்' கருவியோ 9.2-ம் பதிப்பாய் ஓடிற்று. ஆகவே அது பிழை கூறி நின்றுகொண்டிருந்தது. அப்பிழையைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும், அனுப்புநர் அத்தாட்சி இல்லையென்று தள்ளப்பட்டு, ஒருவர் கண்ணிலும் படவில்லை. வேறொரு வேலைக்காக ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு பிரதியே காப்பாற்றிற்று. இடைப்பட்ட நேரத்தில் பதிந்த சுமார் 700 புதிய கணக்குகளும் 5,000 குறிப்புகளும் போயின. நடந்ததை ஒளிக்காமல் அக்கம்பெனியே உலகறிய எழுதி வெளியிட்டது. அதை நாம் மெச்சுகிறோம்.

துணை யந்திரம் இருக்கப் பிரதி எதற்கு என்பாரும் உளர். துணை நிழல் போன்றது. தலைமையில் ஓர் அட்டவணையை அழித்தால் துணையிலும் உடனே அழியும். ஓடும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகல் செய்தலும் ஆகாது. ரசீது ஒரு நிலையிலும் மொத்தம் வேறு நிலையிலும் நிற்கும். டம்ப் கருவியோ ஒரே கணத்து நிலையை ஒருசேரப் பிடிக்கும்.

ஆகவே நம் வாலிபர் இருவர் இவ்வேலையைப் பயிலவேண்டுகிறோம். மாதந்தோறும் முதல் ஞாயிறன்று பிரதியை வேறொரு யந்திரத்தில் மீட்டு, ஒவ்வோர் அட்டவணையின் வரிகளையும் எண்ணிப் பார்க்கட்டும். ஒரு பிரதி சங்கக் கட்டிடத்துக்கு வெளியே இருக்கட்டும். பிள்ளைகளின் குடும்ப விவரம் அதில் உள்ளபடியால் ரகசியச் சொல்லிட்டுப் பூட்டி, அச்சொல்லைக் காரியதரிசியும் பொக்கிஷதாரும் தனித்தனியே வைத்திருக்கட்டும். வரும் ஞாயிறன்று பெரியோர் தம் கைவசமுள்ள பழைய சந்தா ரசீதுகளைக் கொண்டுவந்தால், மீட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.