ஆகாயத்தில் வரும் பொட்டலமும் ஆம்பூர்த் தொழிலாளியும்

(ஆம்பூரில் தோல், காலணித் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



போனஸ் பேச்சுவார்த்தையைப் பற்றிச் சொல்வோம் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இன்றைய தலைப்பு சற்று விசித்திரமாகத்தான் தோன்றும். செல்போனில் சாமான் வாங்குவதைப் பற்றிப் பேச ஒரு சங்கக் கூட்டமா என்று ஒரு தோழர் கேட்டேவிட்டார். கேட்டது நியாயம். ஆனால் இதுவும் போனஸ் பற்றிய பேச்சுதான். பட்டினி கிடந்து, கேட் கூட்டம் நடத்தி, 8.33 சதவீதம் என்று வாங்குகிறோமே, அந்தப் பணம் தொழிலாளி வீட்டில் எத்தனை நாள் தங்குகிறது? பிளிப்கார்ட் கம்பெனி 2014 அக்டோபர் 6ந் தேதி தன் பெரிய தள்ளுபடி விற்பனையை முதன்முதலாக நடத்தியது. அதிலிருந்து வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் இந்தத் திருவிழா தவறுவதில்லை. நமக்குப் போனஸ் எந்த வாரத்தில் வரும் என்று நம் முதலாளி சொல்ல மறந்தாலும், இவர்கள் மறப்பதில்லை.

சாமானை ஆகாயத்தில் அனுப்பும் வியாபாரம் எப்படி ஆரம்பித்தது என்பதை முதலில் பார்ப்போம். 1910 நவம்பர் 7ந் தேதி அமெரிக்காவில் டேட்டன் என்னும் ஊரிலிருந்து சுமார் 65 மைல் தூரத்திலுள்ள கொலம்பஸ் நகரத்து ஜவுளிக்கடை ஒன்றுக்கு, ரைட் சகோதரர்களின் விமானத்தில் பட்டுத் துணி போயிற்று. உலகத்தில் சரக்குக்காகவே பறந்த முதல் விமானம் அது என்பார்கள். கடைக்காரருக்குப் பட்டு அவசரமாகத் தேவைப்பட்டதா? இல்லை. விளம்பரம் தேவைப்பட்டது. வந்த பட்டைச் சிறு சிறு துண்டாக நறுக்கி, 'ஆகாயத்தில் வந்த பட்டு' என்று ஞாபகார்த்தமாக விற்றார். விமானத்துக்குக் கொடுத்த செலவு போக லாபமும் பார்த்தார். வாங்கினவன் காசு கொடுத்தது துணிக்கா, வேகம் என்ற பெருமைக்கா? இந்தக் கேள்வியை ஞாபகத்தில் வையுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும்.

நம் நாட்டில் ஆரம்பம் வேறு மாதிரி. 1949 ஜனவரியில் இரவுத் தபால் விமானங்கள் ஓடத் தொடங்கின. பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நாகபுரியில் வந்து கூடும். மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் திரும்பிவிடும். அதே ஆண்டு, உள்நாட்டுக் கடிதங்கள் கூடுதல் கட்டணமின்றி விமானத்தில் போகலாம் என்ற ஏற்பாடும் வந்தது. கூலிக்காரன் எழுதிய கடிதாசியும் மில் முதலாளி எழுதியதும் ஒரே விமானத்தில், ஒரே கட்டணத்தில் போயின. எல்லா ஊர்ச் சரக்கையும் இரவில் ஒரு மையத்துக்குக் கொண்டுவந்து பிரித்து அனுப்பும் இந்த முறையைத்தான் அமெரிக்காவின் பெடெக்ஸ் கம்பெனி 1973இல் மெம்பிஸ் நகரத்தில் பெரிய வியாபாரமாக நடத்தி உலகப் புகழ் பெற்றது. நம் தபால் இலாகா பொதுஜன சேவையாக அதற்கு 24 வருஷம் முன்பே நடத்திக் காட்டியதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

பிறகு தனியார் வந்தார்கள். புளூடார்ட் கம்பெனி 1996இல் சொந்தச் சரக்கு விமானங்களைப் பறக்கவிட்டது. பிளிப்கார்ட் 2007இல் புத்தகம் விற்க ஆரம்பித்தது. 2010இல் 'சாமான் கைக்கு வந்தபின் காசு' என்ற முறையைக் கொண்டுவந்த பிறகுதான் பாங்குக் கார்டு இல்லாத நம்மைப் போன்றவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தோம். 2013இல் அமேசான் வந்தது. 2018இல் அமெரிக்க வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து பிளிப்கார்ட்டில் முக்கால் பங்குக்கு மேல் வாங்கியது. 2023 ஜனவரியில் அமேசான் ஹைதராபாத்தில் தன் சரக்கு விமான சேவையைத் துவக்கியது. இனி நம் தெருவுக்கு வரும் பொட்டலமெல்லாம் ஆகாயத்திலிருந்து குதிக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். சென்னைப் பக்கத்திலோ பெங்களூர்ப் பக்கத்திலோ உள்ள கிடங்கிலிருந்து நெடுஞ்சாலையில் லாரியில் வருவதே அதிகம்.

ஆனால் ஆகாய வழி நமக்கு அந்நியமல்ல. நம் கையால் தைத்த ஷூ ஆகாயத்தில் போகிறது. உலக வாணிபச் சரக்கில் எடையாகப் பார்த்தால் நூற்றுக்கு ஒரு பங்குகூட விமானத்தில் போவதில்லை. விலையாகப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகிறது என்று விமானக் கம்பெனிகளின் சங்கமே சொல்கிறது. மருந்து, செல்போன், எந்திர பாகம் இவையெல்லாம் எடை குறைவு, விலை அதிகம். ஷூ அப்படிப்பட்ட சரக்கா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானத்தில் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, அடைக்கும் இடத்துக்கும் வாங்குகிறார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000 ஆல் வகுப்பார்கள். அதில் வரும் எண்ணிக்கை நிஜ எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் கட்டணம். நீங்கள் தினம் மடிக்கும் பெட்டி 33க்கு 20க்கு 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 7,920. வகுத்தால் 1.32 கிலோ. உள்ளே இருக்கும் ஜோடி 900 கிராம்தான் என்றாலும் கட்டணம் 1.32 கிலோவுக்கு. பாக்கி 420 கிராம் வெறுங்காற்று! காற்றுக்கும் வாடகை கொடுத்து அனுப்ப எந்த வியாபாரியும் விரும்பமாட்டான். ஆகையால் ஷூவுக்கு இயல்பான வழி கப்பல்தான்.

அப்படியிருந்தும் விமானத்தில் போகிறதென்றால், எங்கோ தேதி தவறியிருக்கிறது என்று அர்த்தம். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸ் வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின; ஐரோப்பாவுக்குப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை கூடுதலாயிற்று. சீசன் தவறினால் ஷூ அங்கே விலை போகாது. தாமதம் தயாரிப்பாளரால் ஏற்பட்டதென்றால் விமானக் கட்டணம் அவர் தலையில் என்பது இந்த வியாபாரத்தின் வழக்கம். தயாரிப்பாளர் அதைத் தன் தலையிலேயே வைத்துக்கொள்வாரா? லைன் சூப்பர்வைசரின் குரலாக அது நம் தலைக்கு இறங்குகிறது. 'இன்று ராத்திரி கன்டெய்னர் போகாவிட்டால் ஏர்ல அனுப்பணும்' என்ற வசனத்தைக் கேட்காத பெண் தொழிலாளி இந்தக் கூட்டத்தில் உண்டா? வீட்டுத் திண்ணையில் அப்பர் தைத்துக் கொடுக்கும் தாய்மாருக்கு ஓவர்டைம் என்ற பேச்சே கிடையாது. ஜோடிக்குச் சில ரூபாய், விளக்கின் கரண்டு செலவும் அவர்களுடையது. விமானத்தின் வேகம் பெட்ரோலால் மட்டும் வருவதில்லை. அங்கே பாரீசிலும் பெர்லினிலும் வீட்டில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டுகிறவனுக்கு இது தெரியாது. நாம் பொத்தானைத் தட்டும்போதும் மறுபக்கம் யாரோ ஒருவர் நிற்கிறார். ஹரியானாவில் மானேசரிலுள்ள அமேசான் கிடங்கில், லாரிகளை இறக்கி முடிக்கும் வரை தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்கும் போகமாட்டோம் என்று தொழிலாளர்களிடம் உறுதிமொழி வாங்கியதாக 2024இல் செய்தி வந்து, தேசிய மனித உரிமை ஆணையம் மத்திய சர்க்காருக்கு நோட்டீஸ் அனுப்பியதே! 'இலவச டெலிவரி' என்ற எழுத்தைப் பார்க்கும்போது இதுவும் கண்ணில் படவேண்டும்.

அதற்காக ஆன்லைனில் வாங்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பேரணாம்பட்டில் கிடைக்காத படிப்புப் புத்தகம் பிள்ளைக்கு இரண்டு நாளில் வந்து சேருகிறதென்றால் அது நல்ல விஷயமே. ஏமாறாமல் வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

தோல் சாமானையே எடுத்துக்கொள்வோம். உலகத்துக்கே தோல் பதனிட்டுக் கொடுக்கும் ஊர் நம்முடையது. தோலைக் கையில் எடுத்தால் ஆடா, மாடா, எருமையா என்று நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். ஆனால் செல்போன் படத்துக்கு மணமும் கிடையாது, மடித்துப் பார்க்க ஓரமும் கிடையாது. ஆம்பூர் பிரியாணியைப் படத்தில் பார்த்தா வாங்குகிறோம்? இந்த மறைப்பில்தான் பித்தலாட்டம் புகுந்துகொள்கிறது. 'பியூ லெதர்', 'வீகன் லெதர்', 'ஆர்ட்டிபிஷியல் லெதர்', 'சிந்தெடிக் லெதர்' என்று எழுதியிருந்தால் அதில் லெதர் என்ற எழுத்து மட்டும்தான் தோல். பெரும்பாலும் துணியின் மேல் பூசிய பிளாஸ்டிக். 'ஜெனுயின் லெதர்' என்றால் தோல்தான், ஆனால் மேல்பக்கத் தோலா, பிளந்தெடுத்த அடித்தோலின் மேல் பூச்சுப் பூசியதா என்று அது சொல்வதில்லை. பிளவு மிஷினில் நிற்கும் தோழரைக் கேளுங்கள், வித்தியாசத்தை அவர் சொல்வார். இன்னொன்று: பாலியூரிதேன் என்ற பூச்சும் சோலும் ஈரக்காற்று பட்டு நாளடைவில் தானாகவே சிதையும் பொருள். கிடங்கில் இரண்டு மூன்று வருஷம் கிடந்த சரக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். காலில் போட்ட பத்தாம் நாள் உரியும். சோல் மாவாக உதிரும். எழுபது சதம் தள்ளுபடி என்றதும், இது எந்த வருஷத்துச் சரக்கு என்று கேட்கவேண்டும். தயாரித்த மாதம், தேசம், தயாரிப்பாளர் பெயர், உச்ச விலை எல்லாம் பொட்டலத்தின் மேல் இருக்கவேண்டுமென்பது சட்டம்.

ஐரோப்பாவுக்குப் போகும் ஜோடியில் நீங்கள் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்களே, அதை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருக்கிறீர்கள்? விரித்த தோலைப்போல் ஒரு சித்திரம் இருந்தால் தோல். வலைபோல் இருந்தால் துணி. வெறும் சாய்சதுரம் இருந்தால் வேறு பொருள். தோலும் அதற்குள் ஒரு சாய்சதுரமும் இருந்தால் பூச்சுப் பூசிய தோல். அப்பர், லைனிங், சோல் மூன்றுக்கும் தனித்தனியே போடவேண்டும். 1994இல் ஐரோப்பிய நாடுகள் செய்த விதி இது. அவர்கள் காலுக்கு உண்மை தெரியவேண்டும் என்று சட்டம் கேட்கிறது. ஒட்டுவது நம் கை. நமக்கு விற்கும் சரக்கின் படத்தில் அந்தச் சித்திரத்தைப் பெரிதாக்கித் தேடிப்பாருங்கள். நம் நாட்டிலும் 2024 ஆகஸ்ட் 1 முதல் பலவகைக் காலணிகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகியிருக்கிறது, மிகச் சிறிய பட்டறைகளுக்கு விலக்கு உண்டு. பெரிய பிராண்டு என்று சொல்லிக்கொண்டு முத்திரை இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

அளவிலும் குழப்பம் வருகிறது. நீங்கள் லைனில் பார்க்கும் 38, 39 எல்லாம் ஐரோப்பிய எண். ஒரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இங்கே விற்பது பெரும்பாலும் இங்கிலீஷ் எண். அதில் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிலர் அமெரிக்க எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். எண்ணை நம்பாமல், காகிதத்தில் பாதத்தை வைத்துக் கோடிழுத்துச் சென்டிமீட்டரில் அளந்து பட்டியலோடு ஒப்பிடுங்கள். சாயங்காலம் ஷிப்டு முடிந்தபின் அளப்பது உசிதம். நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும்.

'இன்னும் 2 ஜோடிதான் பாக்கி, பத்து நிமிஷத்தில் விலை ஏறும்' என்று கடிகாரம் ஓடும். 1910இல் பட்டுத் துண்டு விற்ற தந்திரமே இது, உருவம்தான் மாறியிருக்கிறது. பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத சாமானைக் கூடையில் நுழைப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணம் சேர்ப்பது உட்பட 13 வகைத் தந்திரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ந் தேதியிட்ட விதிகளில் தடுத்திருக்கிறது. தவணையில் 'வட்டியே இல்லை' என்பதும் அந்த ஜாதிதான். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013இல் ரிசர்வ் பாங்கே பாங்குகளுக்கு எழுதியது. வட்டி விலைக்குள்ளோ, செலவுக் கட்டணத்துக்குள்ளோ ஒளிந்திருக்கும். தவணைக்கு ஒப்புக்கொள்ளுமுன் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டிப்பாருங்கள், அதே சாமானை நம் பஜாரில் என்ன சொல்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். பஜார்க் கடைக்காரர் மாற்றித் தருவார், எதிரே நின்று சண்டையும் போடலாம்!

சாமான் கெட்டு வந்தால், போலியாக இருந்தால், சொன்னதற்கு மாறாக இருந்தால் 'திருப்பி எடுப்பதில்லை' என்று சொல்ல விற்பவனுக்கு உரிமை இல்லை. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த மின்வணிக விதிகள் இதைச் சொல்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். தீர்க்காவிட்டால் 1915க்குப் போன் செய்யலாம். அதிலும் நடக்காவிட்டால் ஜில்லா நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரில் இருக்கிறது, அங்கே போகவேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். 2019ஆம் வருஷச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பணத்தைத் திருப்பித் தருகிறோம், ரகசிய எண்ணைச் சொல் என்று போனில் கேட்பவன் திருடன். பணம் வாங்குவதற்கு எந்த ரகசிய எண்ணும் தேவையில்லை. பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930க்குச் சொல்லுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தப் பார்க்கமுடியும்.

பொட்டலம் கொண்டுவரும் பையனிடம் கோபப்படாதீர்கள். அவன் நம் தெருப் பையன். அந்தக் கம்பெனியின் தவறு அவன் தவறல்ல. அவனைப் போன்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2023இல் நலவாரியம் அமைந்திருக்கிறது. பதிவு செய்துவிட்டானா என்று கேளுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போது வீட்டுப் பிள்ளையைச் செல்போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். புகார் எழுதத் தெரியாதவர்கள் சங்க ஆபீசுக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். வரும்போது பில்லையும் அட்டைப்பெட்டியையும் கையோடு கொண்டுவாருங்கள். பெட்டியை அடுப்பெரிக்கப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறார்கள். விற்றவனின் பெயரும் விலாசமும் அந்தப் பெட்டி மேல் ஒட்டிய சீட்டில்தான் இருக்கிறது.